பின்சீட்டின் தீர்ப்பைக் கேட்டு எழுதியவர்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கோமதி அம்மா. வரதராஜன் சாரின் மனைவி. குரலில் ஒரு பிசிறு இல்லை.

“மணி, சார் போயிட்டார். விடிகாலைல. நீங்க வரும்போது வண்டிய தெரு முனையிலேயே விட்டுட்டு வாங்க, வாசல்ல இடம் இருக்காது.”

“சரிம்மா” என்றேன். தள்ளிக்கொண்டிருந்த வண்டியைப் பாதி வாசலிலேயே ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஷட்டரை மறுபடி இறக்கினேன். கடை தொடங்கிய நாளிலிருந்து திறந்த கையோடு கடையை நான் மூடியதில்லை.

இந்த இதழை ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலிலிருந்து எடுத்துப் படிக்கிறவர்களுக்கு வரதராஜன் சாரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ‘பழசும் புதுசும்’ பகுதியை எழுதியவர் அவர்தான். புதிதாக வீட்டுக்கு இதழ் வரத் தொடங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தைக்கு வரும் ஒவ்வொரு புது மோட்டார் சைக்கிளையும் ஊரே விரும்பிய ஒரு பழைய வண்டியோடு ஒப்பிட்டு எழுதுவார். மற்ற நாட்களில் நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, மாலையில் தாம்பரத்தில் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். நான் ஜிஎஸ்டி சாலையில் பழைய இருசக்கர வண்டி வாங்கி விற்கிறவன். எழுத்துக்கும் எனக்கும் தூரம். ஆனாலும் ஆசிரியர் என்னைத்தான் எழுதச் சொன்னார். சாருடைய சண்டைகளில் பாதி என் கடையில்தான் நடந்தன என்பது காரணமாக இருக்கலாம்.

முதன்முதலில் அவர் கடைக்கு வந்தது வண்டி வாங்க இல்லை. அவரிடம் இருந்த வண்டிக்குக் கிளட்ச் கேபிள் கேட்டு வந்தார். பழைய டூ ஸ்ட்ரோக், நூறு சிசி. புகை விதிகள் வந்தபின் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று கட்டுரைகளில் சார் அதன் பெயரை எழுதவே மாட்டார். ‘என் நூறு’ என்றுதான் எழுதுவார். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் வட்டாரத்தில் நூறு என்றாலே அந்த ஒரு வண்டிதான்.

“என்ன விலை சொல்றீங்க சார் இதுக்கு?” என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

“கேபிளுக்கு நீங்கதான் விலை சொல்லணும். வண்டிக்குக் கேட்டீங்கன்னா, எங்காத்துல என்னையும் சேர்த்து விலை பேச வேண்டி வரும்” என்றார்.

அதிலிருந்து பழக்கம்.

அவர் வேலை செய்யும் முறையை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஷோரூமிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வண்டியை வாங்கி வருவார். முதலில் தன் நூறில் ஒரு சுற்று, உடனே புது வண்டியில் அதே சுற்று. சேலையூரில் அவர் வீட்டிலிருந்து கிளம்பி மேடவாக்கம், கீழ்க்கட்டளை, பல்லாவரம், பிறகு ஜிஎஸ்டி சாலை வழியாகத் திரும்பவும் தாம்பரம். இரண்டு சுற்றிலும் பின்சீட்டில் கோமதி அம்மா. “ஞாபகத்தோட ஒப்பிடக் கூடாது மணி. ஞாபகத்துல எந்த வண்டியும் ரிப்பேர் ஆகாது. பழசையும் இன்னைக்கே ஓட்டணும்” என்பார்.

பிரேக் சோதனை மட்டும் ஆரம்பத்தில் பெரிய சண்டையில் முடிந்தது. காலியான சாலையில் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துவிட்டார். கோமதி அம்மா அவர் முதுகில் மோதி மூக்குக் கண்ணாடி வளைந்துபோயிற்று. அதன்பின் ஓர் ஒப்பந்தம் ஆனது. பிரேக் பிடிப்பதற்கு முன்னால் ‘பிடிச்சுக்கோ’ என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வண்டிக்குப் பின்சீட்டு கிடையாது. அந்த ஒப்பந்தத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை. என்னை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனபோதுகூட, பல்லாவரம் சிக்னலில் “பிடிச்சுக்கோ” என்று கத்தினார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எதைப் பிடிப்பது என்று தேடினார்.

ஒவ்வொரு கட்டுரையும் ‘பின்சீட்டின் தீர்ப்பு’ என்ற ஒரு வரியில் முடியும். அது கோமதி அம்மா சொன்ன வார்த்தை, மாற்றாமல். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் புது மாடல் ஒன்று வந்தது. பையன்கள் எல்லாம் அதன் பின்னால் பைத்தியமாக அலைந்தார்கள். புடவையோடு அதில் ஏறி மேடவாக்கம் தாண்டுவதற்குள் இறங்கிவிட்ட கோமதி அம்மாவின் தீர்ப்பு: ‘சீட்டு வைக்க மறந்து சறுக்குமரம் வைத்துவிட்டார்கள்.’ அந்த வாரம் என் கடைக்கு வந்த பெண்கள் எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். வீட்டில் எந்த வண்டி வாங்குவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது விற்கிறவனுக்குத் தெரியும். சாருக்கும் தெரிந்திருந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன், அவர் எழுத்தால் எனக்கு நல்ல வியாபாரம். புது வண்டி எதுவானாலும் கடைசியில் அவருடைய நூறுதான் ஜெயிக்கும். பாரம் வைத்தாலும் சொன்ன இடத்தில் நிற்கும், முதுகு வலிக்காது, இருட்டில் விளக்கு பளிச்சென்று அடிக்கும் என்று எழுதுவார். ஞாயிறு இதழ் வந்தால் திங்கட்கிழமை என் கடையில் “நூறு இருக்கா?” என்று ஆள் நிற்கும். ஊர் ஊராக அலைந்து நூறுகளை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினேன். வேலை பார்த்து, ஓட வைத்து, விற்றேன்.

அப்படி ஒரு நூறு வாங்கிப் போனவர் கோவளத்துத் தேசப்பன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கரையில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து, கேளம்பாக்கம் வண்டலூர் வழியாக ஊரப்பாக்கம் வரை தெருத் தெருவாக விற்கிறவர். வண்டி வாங்கிச் சில வாரம் ஆனபிறகு ஒரு மழைநாள் மதியம் கடை வாசலில் வந்து நின்றார். முழங்கால் சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. சார் அப்போது கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாள்.

“எழுதுறவரு நீதான சார்?” என்று நேராக அவரிடம் போனார் தேசப்பன். “எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சு. பாரம் வெச்சாலும் சொன்ன எடத்துல நிக்கும்னு எழுதிகினு கீற. ஊரப்பாக்கத்துல ஒரு கொயந்த குறுக்க வந்துச்சு, புட்ச்சேன், நிக்கல. திருப்பி வுட்டு மளிகைக் கட வாசல்ல போய் வுழுந்தேன். ஐஸு ஒரு பக்கம், சங்கரா மீனு ஒரு பக்கம். கொயந்த பொழச்சுது. அது சாமி புண்ணியம், உன் வண்டி புண்ணியம் இல்ல.”

“வண்டி நான் குடுத்தது தேசப்பா, என்னக் கேளு” என்று இடையில் புகுந்தேன்.

“உன்ன அப்பால கேக்கறேன் அண்ணே. நீ விக்கறவன், நல்லாத்தான் சொல்லுவ. இவுரு இன்னாத்துக்கு சொன்னாரு?”

சார் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சாவியை வாங்கினார். ஐஸ் பெட்டியை இறக்க விடவில்லை. அப்படியே ஏறிக் கிளம்பினார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது, மீன் வாசனை வேறு. இறங்கி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிரேக் ஷூ பழசா மணி?”

“புதுசு சார். நானே மாத்தினது.”

“கேபிள்?”

“அதுவும்.”

“அப்போ இதுல கோளாறே இல்ல. இந்த வண்டியே இப்படித்தான்.”

“ஆமா சார், எல்லா நூறும் இப்படித்தான். உங்களது ஒண்ணுதான் நீங்க எழுதினபடி நிக்கும்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“இதுல சொல்ல என்ன சார் இருக்கு? உங்க வண்டில என்னென்ன மாத்தினீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது மறந்துபோயிருந்தது. பதினைந்து வருடமாக ஒவ்வொன்றாக மாற்றியிருந்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப் பிடித்த, வேறொரு பெரிய வண்டியின் முன்சக்கரமும் டிரம் பிரேக்கும். பின்னால் குலுக்கலைத் தாங்க வேறு ஷாக் அப்சார்பர். கோமதி அம்மாவை உட்காரவைத்து அளவெடுத்துத் தைத்த சீட்டு. விளக்குக்குப் புது ஒயரிங். புகை அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பிரித்து மறுபடி வெல்டு வைத்த சைலன்சர். தெரு முனையில் திரும்பும்போது அந்தச் சைலன்சர் கொட்டாவி விட்டு முடிப்பதுபோல் ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டால் கோமதி அம்மா வந்து கேட்டைத் திறப்பார். கம்பெனி செய்த வண்டியில் மிச்சம் இருந்தது இன்ஜினும் டேங்கும் நம்பர் பிளேட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, முந்தின நாள் ஷோரூமிலிருந்து வந்த வண்டிகளையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தார்.

“நான் செஞ்ச வேலையெல்லாம் எடுத்துக் கம்பெனி பேர்ல வரவு வெச்சுட்டேன் மணி” என்றார். கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா.

எழுதப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கடை நிறைய நூறு நிற்கும்போது வேறு என்ன சொல்வேன்?

“உங்க வண்டிய எப்படி மாத்தினீங்கன்னு எழுதுங்க சார். எல்லாரும் அதே மாதிரி மாத்திப்பாங்க. யாருக்கும் நஷ்டமில்ல.”

“அப்ப புது வண்டிக்கு நான் சொன்ன தீர்ப்பு? பிறந்த குழந்தைய என் பதினஞ்சு வருஷத்தோட ஓட்டப் பந்தயம் விட்டிருக்கேனே. அதுக்கு என்ன பதில்?”

“வாசகனுக்கு அவ்வளவெல்லாம் தெரியாது சார்.”

“தேசப்பனுக்குத் தெரிஞ்சுதே.”



அவர் அடுத்துச் செய்ததை வேறு எந்த வண்டிப் பிரியரும் செய்ய மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் நூறைக் கொண்டுவந்து என் கடை முற்றத்தில் நிறுத்தி, “கம்பெனிலேருந்து எப்படி வந்துதோ அப்படி ஆக்கிக் குடுங்க” என்றார். என் கடை மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். “சார், யாராச்சும் வைரத்தோட்டக் கழட்டிப்புட்டு பித்தளைய மாட்டுவாங்களா?” என்றான். சாரே தரையில் உட்கார்ந்து கழற்றத் தொடங்கினார். என்னிடம் கிடந்த பழைய உதிரிகளிலிருந்து அசல் சக்கரம், அசல் ஷாக், பலகை மாதிரி இருக்கும் அசல் சீட்டு, அசல் சைலன்சர் எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கோமதி அம்மா பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் சீட்டு கழன்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இருவரும் அதே சுற்று போய்வந்தார்கள். இறங்கியதும் கோமதி அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

“கல்யாணமான புதுசுல மாமல்லபுரம் போனது இதுலயா?”

“இதுலதான்.”

“அப்ப முதுகு வலிக்கவே இல்லியே!”

“அப்ப உனக்கு இருபத்து மூணு வயசு.”

கையில் இருந்த பிளாஸ்க் மூடியால் முதுகில் ஒன்று வைத்தார். மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கழற்றிய நல்ல சாமான்களை யாருக்கு என்று நான் கேட்பதற்குள் சார் சொல்லிவிட்டார். “தேசப்பன வரச் சொல்லுங்க. அவன் வண்டில ஏத்திடுங்க. சைலன்சரும் சேர்த்து.” தேசப்பன் சும்மா வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். வாரா வாரம் மீன் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். சார் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். “மணி வீட்ல குடுத்துடுப்பா” என்றார். அந்த நன்றியை வருடக்கணக்கில் குழம்பு வைத்துச் சாப்பிட்டது என் குடும்பம்.

கட்டுரை உடனே வரவில்லை. நூறுக்காகவே இதழைப் படிக்கிறவர்கள் போய்விடுவார்கள் என்று ஆசிரியர் தயங்கினார். பகுதியையே நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. “நிறுத்துங்க. ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி இதைப் போட்டுட்டு நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டார் சார். சில வாரம் அந்தப் பக்கம் காலியாகவே வந்தது. அந்த நாட்களில் ரயிலிலிருந்து இறங்கி என் கடைக்கு வருவார், டீ குடிப்பார், வண்டிகளைப் பார்ப்பார், போவார். அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. ஆனால் ஊரில் நாலு பேர் நிறுத்திப் பேசியது இந்தப் பகுதியால்தான். அது போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

கடைசியில் ஆசிரியர் போட்டார். அவருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். பழசு எதில் புதுசைவிடக் குறைவு, எதில் மேல் என்று சார் முழுதாக மறுபடி எழுதியிருந்தார். சிக்னலில் கிளம்பும் துள்ளல் ஒன்றைத் தவிர நூறு எல்லாவற்றிலும் தோற்றிருந்தது. ‘நாம் பழைய வண்டியைப் புகழும்போது அதற்கு நாம் செய்த பராமரிப்பையும் சேர்த்துப் புகழ்கிறோம். புது வண்டிக்கு இன்னும் யாரும் எதுவும் செய்யவில்லை. ஒப்பிடுகிறவன் அதைச் சொல்லிவிட்டு ஒப்பிட வேண்டும்’ என்று எழுதினார். பின்சீட்டின் தீர்ப்பு: ‘அன்றைக்கும் வலித்திருக்கும். கவனிக்கவில்லை.’

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறுகளோடு கூடி டீ குடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் அவருக்குத் ‘துரோகி’ என்று பெயர் வைத்தார்கள். பல்லாவரம் சந்தையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே, “புது வண்டிக்காரன் எவ்ளோ குடுத்தான் சார்?” என்று கேட்டார். அன்று மட்டும் என்னிடம் வந்து, “அப்படிக் கேட்டுட்டான் மணி” என்றார். எனக்கும் நஷ்டம்தான். நூறுகள் முற்றத்தில் வெகுநாள் தூங்கின. நானே அவர் மேல் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். பிறகு பார்த்தேன், வாங்க வருகிறவர்கள் “வரதன் சார் என்ன சொல்றார்?” என்று முன்பைவிட அதிகமாகக் கேட்டார்கள். தன் வண்டிக்கே பரிந்து பேசாத மனுஷன் நம்ம பணத்தை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று ஒருவர் சொன்னார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. நானும் விற்கும் வண்டியில் எது அசல், எது மாற்றியது என்று முதலிலேயே சொல்லி விற்கப் பழகினேன். வியாபாரத்துக்கு அது கெடுதல் இல்லை.

அதன்பின் தன் நூறில் அவர் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. தேய்ந்தால் அதே அசல் சாமானைத் தேடிப் போடுவார். மங்கல் விளக்கோடு, முதுகு வலியோடு அதையே ஓட்டினார். “கொஞ்சம் பிரேக்கையாவது பார்க்கலாமே சார்” என்றால், “அளக்கிற கோலை இழுத்து நீட்டக் கூடாது மணி” என்பார். சைலன்சர் மாறியதில் வீட்டில் ஒரு சங்கடம் வந்தது. தெரு முனையில் பழைய சத்தம் கேட்காததால் கோமதி அம்மா கேட்டைத் திறக்க வரவில்லை. மாதக்கணக்கில் சார் தன் வீட்டு வாசலிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார்.

பின்னாளில் கோமதி அம்மா கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கி ஓட்டப் பழகினார். அதைப் பற்றிய கட்டுரைக்கு வண்டி ஓட்டியது அம்மா, பின்சீட்டில் சார். தீர்ப்பு அவருடையது: ‘வண்டி நன்று. ஓட்டுநர் எதற்கும் குரல் கொடுப்பதில்லை.’

சார் போன அன்று காலை நான் சேலையூர் போனபோது தெருவே நிறைந்திருந்தது. ரயில் நண்பர்கள், அலுவலகத்தார், துரோகி என்று சொன்ன கூட்டத்திலிருந்தும் சிலர். கூடத்தில் சாரைக் கிடத்தியிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் அந்த அசல் நூறு, மேலே ஒரு பழைய போர்வையோடு. கோமதி அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுகிறவர்களுக்கு அவர்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது தெரு முனையில் அந்தச் சத்தம் கேட்டது. கொட்டாவி விட்டு முடிப்பதுபோல். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன்.

கோமதி அம்மா எழுந்தார். யாரையும் பார்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், ஏற்கெனவே திறந்திருந்த கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்தார். வெளியே தேசப்பன் இறங்கி நின்றுகொண்டிருந்தார். ஐஸ் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். உள்ளே வரலாமா என்று தயங்கினார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த வண்டியைப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“உள்ள கொண்டுவந்து நிறுத்துப்பா. அவர் வண்டி பக்கத்துல.”

மாடிப்படிக்கு அடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று அவர் பெயரில் இருந்த வண்டி. மற்றதில் இருந்தது அவர் கைவேலை. சாயங்காலம் அவரை எடுத்துக்கொண்டு போனபோது, முன்னால் தேசப்பன்தான் அந்த வண்டியை முதல் கியரில் ஓட்டிக்கொண்டு போனார். தெரு முனைவரை அந்தச் சத்தம் சாரோடு போயிற்று.

இதை எழுதி முடித்ததும் கோமதி அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். சாரைப் பற்றிய கட்டுரையைச் சாருடைய வழக்கப்படியே முடிக்க வேண்டும் என்று ஆசிரியர் விரும்பினார், உங்கள் வார்த்தை ஒன்று வேண்டும் என்றேன். சொன்னார். மாற்றாமல் எழுதுகிறேன். போய் வாருங்கள் சார்.

பின்சீட்டின் தீர்ப்பு: ‘நன்றாக ஓட்டினார். இந்தத் தடவைதான் “பிடிச்சுக்கோ” என்று சொல்லவில்லை.’